பக்கத்து ஊர்ப் பங்காளிகள்: நான்-லீக் டெர்பி பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கோவைக்காரன். மான்செஸ்டருக்குக் கிழக்கே ஹைட் என்று ஒரு சின்ன ஊர், அங்கேதான் பல வருடமாகக் குடியிருக்கிறேன். "மான்செஸ்டரா! சிட்டியா, யுனைட்டெடா?" என்று யாராவது அங்குள்ள இரண்டு பெரிய கால்பந்து கிளப்களை வைத்துக் கேட்டால், எங்கள் ஊர்ச் சின்ன கிளப்பின் பெயரைச் சொல்லி "ஹைட் யுனைட்டெட்" என்பேன். உடனே எதிரில் இருப்பவர் முகம் ஒரு மாதிரி ஆகும், அப்புறம் கேள்விகள் ஆரம்பிக்கும். சொந்தக்காரர்கள், ஆபீஸில் புதிதாக வந்த தம்பிகள், மாமனார் என்று யார் கேட்டாலும் கிட்டத்தட்ட அதே கேள்விகள்தான். அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலையும் கீழே போட்டிருக்கிறேன்.

நான்-லீக்னா என்ன அண்ணா? லீக்கே இல்லாம ஆடுறாங்களா?

லீக் இருக்கிறது, பெயர்தான் குழப்புகிறது. இங்கிலாந்தில் பிரீமியர் லீகில் 20 கிளப்கள். அதற்குக் கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ, ஒவ்வொன்றிலும் 24. ஆக மொத்தம் 92. 1888இல் தொடங்கிய ஃபுட்பால் லீகின் வாரிசுகள் இவர்கள்தான். இந்த 92க்கு வெளியே இருக்கிற எல்லோரும் நான்-லீக். ஐந்தாவது படியில் நேஷனல் லீக், ஆறாவதில் அதன் வடக்கு, தெற்குப் பிரிவுகள், ஏழாவதில் நார்தர்ன் பிரீமியர், சதர்ன், இஸ்த்மியன் என்று வட்டார லீக்குகள், அதற்கும் கீழே போய்க்கொண்டே இருக்கும், கடைசிப் படியில் பூங்காவில் ஆடுகிற அணிகள்.

ஏணி மேலேயும் போகும், கீழேயும் வரும். முன்பெல்லாம் மேலே இருப்பவர்கள் ஓட்டுப் போட்டுத்தான் புதியவர்களைச் சேர்ப்பார்கள். ஓட்டுப் போடுகிறவன் தன் கூட்டாளியை விட்டுவிட்டு ஊர் பேர் தெரியாதவனையா சேர்ப்பான்? 1987இல்தான் அது மாறியது, ஸ்கார்பரோ கிளப் முதல் ஆளாக நேரடியாக மேலே ஏறியது. இப்போது வருடத்துக்கு இரண்டு கிளப் ஏறுகின்றன. ஆட்டக்காரர்களும் ஏறலாம். ஜேமி வார்டி ஷெஃபீல்டு பக்கத்து ஸ்டாக்ஸ்பிரிட்ஜ் கிளப்புக்காக எங்கள் நார்தர்ன் பிரீமியர் லீகில் ஆடியவர். அப்புறம் 2016இல் லெஸ்டரோடு பிரீமியர் லீகையே ஜெயித்தார்.

டெர்பின்னா சிட்டி–யுனைட்டெட் மேட்ச் மாதிரியா?

பக்கத்துப் பக்கத்து அணிகள் மோதினால் அதற்குப் பெயர் டெர்பி. ஆனால் பெயர் ஒன்று, சமாச்சாரம் வேறு. சிட்டி–யுனைட்டெட் ஆட்டத்தைப் பார்க்கிறவர்களில் பாதிப் பேர் மான்செஸ்டரைக் கண்ணால் கண்டதில்லை (கோவையில் என் சித்தி பையன் அதற்காக விடியவிடிய விழித்திருக்கிறான்). எங்கள் டெர்பியில் எதிரே நின்று கத்துகிறவன், திங்கட்கிழமை என் காரை சர்வீஸ் செய்யப் போகிறவன். ஒரே வீட்டில் அக்கா ஹைட், தம்பி பக்கத்து ஊர் ஸ்டேலிபிரிட்ஜ் என்றும் உண்டு.

நம் ஊர் வார்த்தையில் சொல்வதென்றால் இது பங்காளிச் சண்டை. வேலி ஒன்று, கிணறு ஒன்று, பேச்சுவார்த்தை கிடையாது, ஆனால் சாவு விழுந்தால் முதலில் வந்து நிற்பவனும் அவன்தான். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வருகிற பாதிக் கேள்விகளுக்குப் பதில் தானாகவே கிடைத்துவிடும்.

ஒரு சின்ன ஏரியாவுல எதுக்கு இத்தனை கிளப்?

நியாயமான கேள்வி. டேம்சைடு என்ற எங்கள் நிர்வாகப் பகுதியில் ஒன்பது ஊர்கள். ஹைட் யுனைட்டெட், ஸ்டேலிபிரிட்ஜ் செல்டிக், ஆஷ்டன் யுனைட்டெட், கர்ஸன் ஆஷ்டன், டிராய்ல்ஸ்டன், மாஸ்லி என்று ஆறு கிளப்களாவது பெயர் சொல்லும்படி இருந்திருக்கின்றன. ஆஷ்டனில் இருக்கிற இரண்டு மைதானங்களுக்கும் இடையே நடந்தே போய்விடலாம்.

காரணம் பஞ்சு. 19ஆம் நூற்றாண்டில் இவை எல்லாம் தனித்தனி மில் ஊர்கள். தனித்தனி டவுன் ஹால், தனித்தனி சந்தை, தனித்தனி கர்வம். அமெரிக்க உள்நாட்டுப் போரால் பஞ்சு வரத்து நின்றபோது, நிவாரணத்தைக் குறைத்தார்கள் என்று 1863இல் ஸ்டேலிபிரிட்ஜில் கலவரமே நடந்தது. "தென்னிந்தியாவின் மான்செஸ்டர்" என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்ட எனக்கு, மில் சங்கு ஊதுகிற ஊர் எப்படி இருக்கும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. டேம் ஆறுதான் அப்போது செஷயருக்கும் லங்காஷயருக்கும் எல்லை. 1974இல் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி டேம்சைடு என்று பெயர் வைத்தார்கள். காகிதத்தில் ஒன்றாகிவிட்டது. சனிக்கிழமை மூன்று மணிக்கு மட்டும் இன்னும் ஒன்றாகவில்லை.

கிளப்களின் வயதைப் பாருங்கள்: ஆஷ்டன் யுனைட்டெட் 1878இல் ஹர்ஸ்ட் என்ற பெயரில் தொடங்கியது, ஸ்டேலிபிரிட்ஜ் செல்டிக் 1909. ஸ்டேலிபிரிட்ஜ்காரர்கள் 1921இல் ஃபுட்பால் லீகின் மூன்றாம் டிவிஷனில் சேர்ந்து இரண்டே சீசனில் வெளியே வந்தவர்கள். "நாங்கள் லீகில் ஆடினவர்கள்" என்று நூறு வருடம் கழித்தும் சொல்லுவார்கள். நாங்களும் சளைக்காமல் "இரண்டு வருஷம்" என்போம்.

டிக்கெட் எவ்வளவு? முன்னாடியே புக் பண்ணணுமா?

எங்கள் படியில் பெரியவர்களுக்குப் பத்திலிருந்து பதினைந்து பவுண்டுக்குள், குழந்தைகளுக்கு மிகக் குறைவு அல்லது இலவசம். வாசலில் கொடுத்துவிட்டு உள்ளே போகலாம். டெர்பி என்றால் மட்டும் அரை மணி நேரம் முன்னால் போங்கள், பை (கறி அடைத்துச் சுட்ட பேஸ்ட்ரி) தீர்ந்துவிடும்.

பை என்றதும் நினைவுக்கு வருகிறது, சைவர்கள் சிப்ஸும் கூழ்ப் பட்டாணியும் வாங்கலாம். ஸ்டேலிபிரிட்ஜ் ரயில் நிலைய பிளாட்பாரத்தில் விக்டோரியா காலத்துச் சிற்றுண்டிக் கடை ஒன்று இருக்கிறது, அங்கே வேகவைத்த கறுப்புப் பட்டாணியில் வினிகர் ஊற்றித் தருவார்கள். தாளிக்காத சுண்டல் என்று நினைத்துக்கொண்டு சாப்பிடுங்கள். எதிரி ஊர் என்றாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும், நன்றாகவே இருக்கும்.

எப்ப வந்தா டெர்பி பார்க்கலாம்?

கிறிஸ்துமஸுக்கு மறுநாள், பாக்ஸிங் டே. இல்லையென்றால் புத்தாண்டு. இல்லையென்றால் ஈஸ்டர் திங்கள். அட்டவணை போடுகிறவர்கள் வேண்டுமென்றே பக்கத்து ஊர்களை அந்த நாட்களில் மோதவிடுவார்கள். டிசம்பர் 26 அன்று ரயில் அநேகமாக ஓடாது, தூரம் போக முடியாது. வீட்டில் மூன்று நாளாக அடைந்து கிடக்கிற ஜனங்களுக்கோ வெளியே வர ஒரு சாக்கு வேண்டும். மற்ற வாரங்களில் சில நூறு பேர் நிற்கிற மைதானம் அன்றைக்கு மட்டும் நிறைந்துவிடும். சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை பிரிட்டனில் கால்பந்தை நேரலையாகக் காட்டக் கூடாது என்ற பழைய தடையும் எங்களைப் போன்ற கிளப்களுக்கு ஒரு குடை.

ஒரு சிக்கல். இரண்டு கிளப்பும் ஒரே டிவிஷனில் இருந்தால்தான் சீசனுக்கு இரண்டு முறை மோதுவார்கள். ஒருவர் இறங்கிவிட்டால் வருடக்கணக்கில் டெர்பியே கிடையாது, வட்டாரக் கோப்பையில் குலுக்கலில் சேர்ந்து வந்தால்தான் உண்டு. அதனால் ஒரு விபரீதமான நிலைமை வரும்: பங்காளி இறங்கினால் ஒரு வாரம் சிரிப்போம், புது அட்டவணை வந்ததும் பாக்ஸிங் டே அன்று ஊர் பேர் தெரியாத கிளப்போடு ஆட்டம் என்று பார்த்து மூஞ்சி தொங்கிப்போகும்.

சண்டை வருமா? குழந்தைங்களோட வரலாமா?

வரலாம். என் பெண்ணை நாலு வயதிலிருந்து கூட்டிப் போகிறேன். பெரும்பாலான ஆட்டங்களில் இரண்டு ரசிகர் கூட்டத்துக்கும் நடுவே வேலியெல்லாம் கிடையாது. தங்கள் அணி எந்தக் கோலை நோக்கி ஆடுகிறதோ அந்தக் கோலுக்குப் பின்னால் நிற்பார்கள், இடைவேளையில் இரண்டு கூட்டமும் இடம் மாறும், பாதி வழியில் ஒருவரையொருவர் கடந்து போக வேண்டும். முதல்முறை அதைப் பார்த்தபோது அடிதடி நடக்கப்போகிறது என்று பெண்ணைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். நடந்தது என்னவென்றால் ஒருவர் "உன் முழங்கால் ஆபரேஷன் என்ன ஆச்சு?" என்று இன்னொருவரை விசாரித்தார்.

டெர்பி அன்று சில சமயம் கூட்டத்தைப் பிரித்து வைப்பார்கள், ஒன்றிரண்டு போலீஸும் நிற்கும். அப்படி நிற்பதற்குக் காரணமே இல்லை என்று சொல்லமாட்டேன். பெரிய கிளப் ஆட்டம் இல்லாத நாளில், உள்ளூர் டெர்பியில் புகைக்குண்டு கொளுத்தலாம் என்று வருகிற பதினெட்டு வயதுக் கும்பல் எப்போதாவது வரும். அபராதம் கிளப்புக்குத்தான் விழும். வாலண்டியர்களை வைத்து ஓட்டுகிற கிளப்புக்கு அது சின்ன அடி இல்லை. பீர் விஷயம்: 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி பெரிய லீக் ஆட்டங்களில் ஆடுகளம் கண்ணில் படுகிற இடத்தில் மது கூடாது. எங்கள் படியில் பொதுவாக அந்தத் தடை இல்லை, கையில் கிளாஸோடு கோலுக்குப் பின்னால் நிற்கலாம். அதனால் குடித்துவிட்டு வம்பு அதிகம் என்று நினைக்காதீர்கள். வேகமாகக் குடித்துவிட்டு உள்ளே ஓட வேண்டிய அவசரம் இல்லாததால் குறைவு என்பது என் அனுபவம்.

அப்படி என்னதான் கத்துவாங்க?

ஐநூறு பேர் இருக்கிற இடத்தில் ஒருவர் கத்தினாலும் கோல்கீப்பருக்குக் கேட்கும், ரெஃபரிக்குக் கேட்கும், டீக்கடை அம்மாவுக்கும் கேட்கும். அதனால் வெறும் கெட்ட வார்த்தைக்கு மதிப்பில்லை, யோசித்துக் கத்த வேண்டும். கோல்கீப்பர்கள் திரும்பிப் பதில் சொல்வதும் உண்டு, சிலருடைய பதில் எங்கள் கத்தலை விடப் பிரமாதமாக இருக்கும்.

எங்களைக் கிண்டல் செய்ய எதிரிகளுக்கு ஒரு எண் போதும்: 26. 1887இல், பெரிய கிளப்களும் சின்ன கிளப்களும் சேர்ந்து ஆடுகிற எஃப்.ஏ. கோப்பையில், பிரெஸ்டனிடம் ஹைட் 26-0 என்று தோற்றது, இன்றுவரை அந்தக் கோப்பையின் சாதனை அதுதான். அது பழைய ஹைட் கிளப், இப்போதைய கிளப் 1919இல் தொடங்கியது என்று நான் எத்தனையோ தடவை விளக்கிவிட்டேன். அப்படியே அதை விட்டாலும் 2013-14 சீசன் இருக்கிறது, ஐந்தாம் படியில் 46 ஆட்டத்தில் ஒரே ஒரு வெற்றி, 10 புள்ளி. அதற்கு விளக்கம் எதுவும் என்னிடம் இல்லை.

நம்ம நிறத்துல ஒருத்தர் போய் நின்னா எப்படிப் பார்ப்பாங்க? உண்மையைச் சொல்லுங்க.

முதல் இரண்டு மூன்று ஆட்டங்களுக்கு யாரோ புதுசு என்று பார்ப்பார்கள். நான்காவது ஆட்டத்தில் ரஃபிள் (பரிசுக் குலுக்கல்) டிக்கெட் விற்கிறவர் பெயர் கேட்பார். ஒரு வருடத்தில் கொடி கட்ட உதவி கேட்பார்கள், அப்புறம் தப்பிக்க முடியாது. என் கதை இதுதான், இது எல்லோருக்கும் இப்படியே நடக்கும் என்று உத்தரவாதம் தரமாட்டேன். ஒரு வெளியூர் மைதானத்தில் காதில் விழக்கூடாத ஒன்று என் காதில் விழுந்திருக்கிறது. அப்போது பக்கத்தில் நின்ற எங்கள் ஆட்கள் பேசாமல் இருக்கவில்லை என்பதும் அதே அளவுக்கு ஞாபகம் இருக்கிறது.

ஆட்டக்காரர்களுக்கு இது இன்னும் கடினம், கூட்டம் மிக அருகில். 2019 அக்டோபரில் லண்டனின் ஹேரிங்கே பரோ அணி, யோவிலுக்கு எதிரான எஃப்.ஏ. கோப்பைத் தகுதிச் சுற்றில், தங்கள் கோல்கீப்பர் மீது இனவெறி வசவு வந்ததால் பாதி ஆட்டத்தில் மைதானத்தை விட்டு வெளியேறியது. ஆட்டம் மறுபடி நடந்து ஹேரிங்கே தோற்றது, ஆனாலும் வெளியேறியது சரிதான். நம் ஆட்களுக்கும் இந்த மைதானங்கள் புதிதில்லை என்பதைச் சொல்ல வேண்டும். 2018இல் லண்டனில் நடந்த, ஃபிஃபாவில் இல்லாத அணிகளுக்கான கோனிஃபா உலகக் கோப்பையில் தமிழீழ அணி ஆடியது, அந்தப் போட்டி நடந்ததே லண்டனிலும் சுற்றுவட்டாரத்திலும் இருக்கிற இந்த மாதிரி நான்-லீக் மைதானங்களில்தான்.

ஆட்டம் தரமா இருக்குமா, இல்ல பந்தை வானத்துக்கு அடிப்பாங்களா?

பிப்ரவரியில் வானத்துக்குத்தான். சேற்றில் பந்து உருளாதபோது வேறு என்ன செய்வார்கள்? பகலில் கொத்தனாராகவோ வாத்தியாராகவோ வேலை பார்த்துவிட்டு வாரத்தில் இரண்டு ராத்திரி பயிற்சிக்கு வருகிறவர்கள் இவர்கள். டெர்பியில் தரம் இன்னும் கொஞ்சம் குறையும், பதற்றம். முதல் இருபது நிமிடம் கால்பந்து என்றே சொல்ல முடியாது.

ஆனால் கேலியாக நினைக்காதீர்கள். 2024 ஜனவரியில் ஆறாம் படி மெய்ட்ஸ்டோன் யுனைட்டெட் எஃப்.ஏ. கோப்பையில் இப்ஸ்விச்சை அவர்கள் மைதானத்திலேயே 2-1 என்று வீழ்த்தியது. இப்ஸ்விச் அதே சீசன் முடிவில் பிரீமியர் லீகுக்குப் போன அணி.

போன வாரம் நம்ம டீம்ல ஆடினவன் இந்த வாரம் அவங்க ஜெர்சியில நிக்கிறான். இது துரோகம் இல்லையா?

உணர்ச்சியாகக் கேட்டால் துரோகம். விதியாகப் பார்த்தால், ஒப்பந்தம் இல்லாமல் வார ஊதியத்துக்கு ஆடுகிறவரை இன்னொரு கிளப் அணுக வேண்டுமென்றால் ஏழு நாள் முன்னறிவிப்புக் கொடுத்தால் போதும். எட்டாம் நாள் அவர் போகலாம். முதல் பதிலில் சொன்ன மேல்படிகளில் இருப்பது போல நான்கு வருட ஒப்பந்தம், ஜனவரியில் ஆட்டக்காரர்களை வாங்கி விற்கிற சந்தை எல்லாம் இங்கே பெரும்பாலும் கிடையாது.

அப்புறம் அந்த ஆளின் பக்கமும் யோசியுங்கள். வாரம் நாற்பது பவுண்டு கூடக் கிடைக்கிறது, பயிற்சி மைதானம் வேலை செய்கிற இடத்துக்குப் பக்கம் என்றால் போகத்தான் செய்வார். டேம்சைடில் ஆறு கிளப்பில் நான்கில் ஆடியவர்களையெல்லாம் பார்த்திருக்கிறேன். எல்லா மைதானத்திலும் அவர்களைத் திட்டுவார்கள், எல்லா கிளப் பாரிலும் அவர்களுக்கு பீர் வாங்கிக் கொடுப்பார்கள். கோல் அடித்துவிட்டு எங்கள் முன்னால் வந்து காதில் கை வைத்துக் கொண்டாடினால் மட்டும் மன்னிப்பு கிடையாது.

மனசுக்குள்ள நீங்க சிட்டி ரசிகர்தானே? பெரிய டீம் இல்லாமலா?

இங்கே பலருக்கு இரண்டு அணி உண்டு, நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன். மான்செஸ்டரிலிருந்து ஆஷ்டனுக்கு வருகிற டிராம் சிட்டி மைதான வாசலிலேயே நின்றுதான் வருகிறது, இறங்காமல் வருவதற்கே மனதிடம் வேண்டும்.

எங்கள் கிளப்புக்கு இது வெறும் மனசு விஷயமாக இல்லாமல் போன காலம் உண்டு. 2009இல் வரிக்கடனால் ஹைட் மூடப்படும் விளிம்புக்குப் போய்த் திரும்பியது. 2010இல் சிட்டியோடு ஒப்பந்தம், அவர்களுடைய ரிசர்வ் அணி எங்கள் யூவன் ஃபீல்ட்ஸ் மைதானத்தில் ஆடும். பதிலுக்கு மைதானம் சிட்டியின் நீல நிறமானது, கிளப் பெயரிலிருந்த "யுனைட்டெட்" போய் வெறும் ஹைட் ஆனது. 2015இல் பெயர் திரும்பி வந்தது. பணம் வந்ததால்தான் கதவு திறந்திருந்தது, அதை மறுக்க முடியாது. ஆனாலும் அந்த ஐந்து வருடமும் டெர்பிகளில் எங்களை எப்படி ஓட்டியிருப்பார்கள் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

பங்காளி கிளப் மூடப்போகுதுன்னா உள்ளூர சந்தோஷப்படுவீங்களா?

இல்லை. இரண்டு காரணம். ஒன்று கணக்கு: டெர்பி வாசலில் வருகிற பணம், பாரில் விற்கிற பீர், இவைதான் சின்ன கிளப்பின் குளிர்காலக் கரண்ட் பில்லைக் கட்டுகின்றன. எதிரி போனால் எங்கள் ஆண்டின் பெரிய வசூலும் போச்சு.

இரண்டாவது, அடுத்து யார் என்று தெரியாது. தெற்கே லண்டனில் டல்விச் ஹேம்லெட்டை 2018 மார்ச்சில் நிலத் தகராறில் சொந்த மைதானத்துக்குள் விடவில்லை. இடம் கொடுத்தது யார்? பழைய பங்காளி டூட்டிங் அண்ட் மிட்சம். எதிரி மைதானத்தில் ஆடி, மேல்படிக்கு யார் ஏறுவது என்று முடிவு செய்யும் பிளே-ஆஃப் இறுதியையும் அங்கேயே பெனால்ட்டியில் ஜெயித்து டல்விச் மேலே ஏறியது, டிசம்பரில் வீடு திரும்பியது. எப்போதும் இப்படி நல்லபடியாக முடியாது. மேலே சொன்ன மெய்ட்ஸ்டோனின் முந்தைய கிளப், 1988இல் தன் மைதானத்தை விற்றுவிட்டு டார்ட்ஃபோர்டு மைதானத்துக்கு வந்தது. 1992இல் மெய்ட்ஸ்டோன் கடனில் மூழ்கியபோது டார்ட்ஃபோர்டின் மைதானமும் கையை விட்டுப் போனது. சொந்த ஊரில் டார்ட்ஃபோர்டுக்குப் புது மைதானம் கிடைக்க 2006 ஆனது. இடம் கொடுத்தவனும் சேர்ந்து கெட்ட கதை அது, அப்படி இருந்தும் இன்றைக்கும் ஒருவருக்கொருவர் இடம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

என் பையன் உங்க எதிரி கிளப்போட ஜூனியர் டீம்ல சேர்ந்துட்டான். இப்ப நான் எந்தப் பக்கம்?

இது ஆபீஸ் தம்பி ஒருவர் நிஜமாகவே பதற்றத்தோடு கேட்டது, காரணம் அவரை ஹைட் ரசிகராக்கியதே நான்தான். பையன்களுக்கு பங்காளித்தனம் தெரியாது, எந்த மைதானம் வீட்டுக்குப் பக்கம், எந்த அணியில் பள்ளிக்கூட நண்பன் இருக்கிறான் என்று பார்த்துச் சேருவார்கள். ஞாயிறு காலை போய் நில்லுங்கள், பையனுக்காகக் கை தட்டுங்கள், டீ வாங்கிக் குடியுங்கள், அந்தக் காசு அவர்கள் கிளப்புக்குப் போனாலும் பரவாயில்லை (முந்தைய பதிலைப் பார்க்கவும்). ஹைட்டின் சிவப்பு ஸ்கார்ஃபை மட்டும் காரிலேயே விட்டுவிடுங்கள்.

பாக்ஸிங் டே அன்று அவர்கள் அணியோடு கைகோத்து மைதானத்துக்குள் வர தன் பையனைத் தேர்ந்தெடுத்தால் என்ன செய்வது என்று அடுத்து கேட்டார். போட்டோ எடுத்துக்கொண்டு எங்கள் பக்கம் வந்து நிற்கச் சொல்லியிருக்கிறேன்.